காட்டு ராபின் குறைகிறதா, கூடுகிறதா? ஆண்டுக்கணக்கில் எண்ணிப் பார்க்க ஒரு செய்முறை

இது பறவை பார்க்கக் கற்றுக்கொடுக்கும் பதிவு இல்லை. எந்த பைனாகுலர் வாங்குவது, எந்தப் புத்தகம் நல்லது என்பதெல்லாம் ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கு எழுதுகிறேன். ஒரே காட்டில் ஒரே பறவையை வருடா வருடம் எண்ணி, அது குறைகிறதா கூடுகிறதா என்று தைரியமாகச் சொல்லும் அளவுக்குக் கணக்கு வைப்பது எப்படி? தென்னாப்பிரிக்காவில் டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்கிலும் நம்மவர்கள் சிலர் சனி, ஞாயிறுகளில் காட்டுப் பக்கம் போக ஆரம்பித்திருக்கிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தான் என்பதால் மொத்தத்தையும் ஒரே இடத்தில் போட்டு வைக்கிறேன்.

நான் எடுத்துக்கொண்ட பறவை கோரிஸ்டர் ராபின்-சாட். நம் ஊர்க் குண்டுகரிச்சானுக்கும் சோலைப்பாடிக்கும் ஒரே குடும்பம்தான். தலையும் முதுகும் கருமை, தொண்டையிலிருந்து வயிறு வரை பழுத்த ஆரஞ்சு நிறம். தென்னாப்பிரிக்காவையும் எஸ்வாத்தினியையும் விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது. காடு இருந்தால் இருக்கும், இல்லையென்றால் இல்லை. இந்த நாட்டின் மொத்தப் பரப்பில் இயற்கைக் காடு ஒரு சதவீதம்கூடத் தேறாது. இருப்பதும் துண்டு துண்டாக, பைன், யூகலிப்டஸ் தோட்டங்களுக்கும் மேய்ச்சல் புல்வெளிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மஞ்சள்மரம் (யெல்லோவுட்) வெட்டியே பல காடுகளின் முதுகெலும்பை எடுத்துவிட்டார்கள். அப்படிப்பட்ட இடத்தில் வாழும் பறவையின் கணக்கை யாராவது வைத்திருக்க வேண்டும் அல்லவா?

ஆரம்பிக்கும் முன் ஒன்று. நோட்டில் நீங்கள் எழுதும் எண் அங்கே இருக்கும் பறவைகளின் எண்ணிக்கை என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே இருந்தவை எத்தனை, அதில் உங்கள் காதில் விழுந்த பங்கு எவ்வளவு, இரண்டையும் பெருக்கி வந்த தொகை அது. எண் குறைந்தால் பறவையும் குறைந்திருக்கலாம், காதில் விழுந்த பங்கும் குறைந்திருக்கலாம். கீழே வரும் படிகள் எல்லாமே அந்த இரண்டாவது பங்கை வருடா வருடம் ஒரே மாதிரி வைத்துக்கொள்ளச் செய்யும் வேலைதான்.

படி 1: கேள்வியைச் சுருக்குங்கள்

ஒரு பறவை, ஒரு காடு, ஒரு பருவம். அவ்வளவுதான். "காட்டில் உள்ள எல்லாப் பறவைகளையும் எண்ணுவேன்" என்று கிளம்புகிறவர்கள் இரண்டாம் வருடம் வருவதில்லை. மற்றவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் நேரத்தையும் இடத்தையும் முடிவு செய்வது உங்கள் ஒரு பறவையாகவே இருக்கட்டும்.

அனுமதியை முதலிலேயே வாங்கிவிடுங்கள். மாகாணக் காப்பகம் என்றால் எஸெம்வேலோ என்ற மாகாண வனவிலங்கு அமைப்பு, டர்பன் மாநகரப் பூங்கா என்றால் எத்தெக்வினி மாநகராட்சி, தனியார் பண்ணை என்றால் அதன் உரிமையாளர். பண்ணைக்காரர்கள் பெரும்பாலும் சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள். "எத்தனை வருடம்?" என்று கேட்டால் மட்டும் பதில் தயாராக இருக்கட்டும். பத்து வருடம் என்று சொல்லுங்கள். தனியாகப் போகவே வேண்டாம், இந்த ஊரில் அது வீரம் இல்லை. காட்டிலிருந்து வந்ததும் உண்ணி இருக்கிறதா என்று உடம்பைப் பாருங்கள். உண்ணிக் காய்ச்சல் இங்கே சாதாரணமாக வருவது.

படி 2: புள்ளிகளைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள்

காட்டுக்குள் குறிப்பிட்ட இடங்களில் நின்று, குறிப்பிட்ட நேரம் கேட்டு எண்ணுவதுதான் புள்ளிக் கணக்கு. இரண்டு புள்ளிகளுக்கு இடையில் 200 முதல் 250 மீட்டர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே ராபினை இரண்டு தடவை எண்ணிவிடுவீர்கள்.

எங்கே நிற்பது என்பதில்தான் ஆசை குறுக்கே வரும். ராபின் நன்றாகக் கத்துகிற இடங்களாகப் பார்த்துப் புள்ளி வைக்கத் தோன்றும். அப்படி வைத்தால் உங்கள் கணக்கில் பறவை குறைந்தே தீரும். முதல் வருடம் உச்சத்தில் இருந்த இடங்களை மட்டும் பொறுக்கி எடுத்திருக்கிறீர்கள். உச்சத்தில் இருப்பது அடுத்து இறங்கத்தானே செய்யும்? அதே நேரம் முதல் வருடம் காலியாக இருந்து பிறகு நிரம்பிய இடங்கள் உங்கள் பட்டியலிலேயே இருக்காது. காட்டில் ஒரு பறவைகூடக் குறையாமலே உங்கள் வரைபடம் சரியும். அதனால் வரைபடத்தின் மேல் கட்டம் போட்டு, கட்டங்களுக்கு எண் கொடுத்து, சீட்டுக் குலுக்குங்கள். கேட்கச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும், ஆனால் இதற்கு மாற்று கிடையாது. குலுக்கலில் வந்த இடம் செங்குத்துச் சரிவாக இருந்தால் பக்கத்துக் கட்டத்துக்குப் போங்கள்.

ஓடைச் சத்தம் காதை அடைக்கும் இடத்தையும் தவிர்க்கலாம். மழை நன்றாகப் பெய்த வருடத்தில் ஓடை இரைந்து, பறவை குறைந்தது போலக் காட்டும். புள்ளியை ஜிபிஎஸ்ஸில் பதிந்து, அதற்கு மாறாத ஒரு குறியீடு கொடுங்கள். "பெரிய மஞ்சள்மரத்தடி" என்று பெயர் வைக்காதீர்கள். மரம் விழும்.

படி 3: நேரம்

ராபின் கூடு கட்டும் பருவம் இங்கே வசந்தத்தில் ஆரம்பிக்கிறது. செப்டம்பரிலிருந்தே சத்தம் கூடிவிடும். நான் புரட்டாசிக் கடைசியில் ஒரு சுற்று, ஐப்பசி நடுவில் ஒரு சுற்று என்று வைத்திருக்கிறேன். இங்கே நம் வீடுகளில் புரட்டாசியை மறக்க ஆள் கிடையாது, மாதம் முழுக்க விரதம் ஓடும். அதனால் நாள் தவறாது. ஐப்பசிச் சுற்றை மட்டும் தீபாவளிக்குத் தள்ளியே வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு மறுநாள் விடியற்காலை கார்க்லூஃப் காட்டுக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள், ஏன் என்று புரியும்.

குளிர்காலத்தில் எண்ணக் கூடாதா என்று கேட்டால், இந்தப் பறவைக்குக் கூடாது. மேட்டுக் காடுகளில் இருப்பவற்றில் ஒரு பகுதி குளிருக்குக் கீழே கடலோரக் காடுகளுக்கு இறங்கிவிடும். ஜூலையில் டர்பன் பக்கம் கோரிஸ்டர் கூடுவதும் மேட்டில் குறைவதும் வருடாந்திரப் போக்குவரத்து. அந்த வருடக் குளிர் எவ்வளவு என்பதைத்தான் அது காட்டும். புள்ளித் தரைத் த்ரஷ் என்ற பறவையை எண்ண நினைப்பவர்களுக்கு நேர் எதிர்: டர்பனின் பிஜன் வேலி என்ற காட்டுக் காப்பகத்தில் அதைப் பார்க்கக் குளிர்காலத்தில்தான் போக வேண்டும். பறவை மாறினால் காலமும் மாறும்.

அக்டோபரில் ஐந்தரைக்குள் விடிந்துவிடும். விடிந்து அரை மணி கழித்து ஆரம்பித்து, எட்டரை ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் பத்து நிமிடம். முதல் மூன்று நிமிடம், அடுத்த இரண்டு, கடைசி ஐந்து என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு பறவையும் எந்தப் பகுதியில் முதலில் கேட்டது என்று குறிக்கவும். இந்தப் பிரிப்பு அப்புறம் உதவும். முதல் மூன்று நிமிடத்திலேயே எல்லாம் கேட்டுவிட்டால் நீங்கள் தவறவிடுவது குறைவு. கடைசி ஐந்தில் புதிதாக வந்துகொண்டே இருந்தால் இன்னும் நிறைய மறைந்திருக்கிறது என்று பொருள். தூரத்தையும் 30 மீட்டருக்குள், 30 முதல் 100, அதற்கு மேல் என்று குறிக்கலாம். காது வைத்துத் தூரம் சொல்வது முதலில் தாறுமாறாகத்தான் வரும். வீட்டுத் தோட்டத்தில் அளவு டேப் பிடித்துப் பழகுங்கள்.

காற்று இலைகளை விடாமல் ஆட்டினால் அன்று வேண்டாம். உள்நாட்டிலிருந்து சூடாக இறங்கும் பெர்க் காற்று அடிக்கும் நாளில் காடே வாயை மூடிக்கொள்ளும். மூடுபனி இருந்தால் எண்ணலாம், ஆனால் எழுதி வையுங்கள். செல்பேசியில் ராபின் குரலைப் போட்டு வரவழைப்பது கண்டிப்பாக வேண்டாம்.

படி 4: பாட்டை நம்பாதீர்கள்

இந்தப் பறவையோடு கூடவே வரும் தலைவலி இது. கோரிஸ்டர் ராபின் பிற பறவைகளின் குரலைத் திருடிப் பாடும். கழுகு, குயில், ட்ரோகான் எதையும் விடாது. டர்பன் தோட்டங்களில் சாதாரணமாகக் காணும் செந்தலை ராபின்-சாட்டும் அப்படித்தான். பழைய புத்தகங்களில் நாட்டல் ராபின் என்று இருப்பது இந்தச் செந்தலைதான், பழைய குறிப்பேடுகளைச் சேர்க்கும்போது இதைக் கவனியுங்கள். இரண்டின் காடுகளும் சந்திக்கும் இடங்களில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பாட்டை வைத்து எண்ணினால் மூன்று விதமாகக் கணக்கு கெடும்: ராபினைக் குயில் என்று எழுதுவீர்கள், ஒரு ராபினை இன்னொரு ராபின் என்று எழுதுவீர்கள், ஒரே பறவை ஐந்து குரலில் பாடுவதை மூன்று பறவைகளாக எண்ணுவீர்கள்.

வழி இருக்கிறது. இரண்டுமே பாட்டுக்கு இடையில் ஒரு சாதாரண அழைப்பைக் கொடுக்கும். கோரிஸ்டருடையது "டொய்-டொய், டொய்-டொய்" என்று அலுப்பாக, ஒரே சீராக, எண்ணெய் போடாத இரும்புக் கதவு ஆடுவதுபோல் இருக்கும். செந்தலையுடையதும் இரண்டு சுரம்தான், ஆனால் கரகரப்பாக, தவளைச் சாயலில் உருளும். நான் அழைப்பை மட்டும் எண்ணுகிறேன். பாட்டு மட்டும் கேட்டால் தனிப் பத்தியில் "பா" என்று போடுவேன், கணக்கில் சேர்ப்பதில்லை. இதனால் எண் குறையும். குறையட்டும், வருடா வருடம் ஒரே மாதிரி குறைந்தால் போக்குக்கு ஒன்றும் ஆகாது.

பழகுவதற்கு ஒரு சோதனை. பீட்-மை-ஃப்ரோ என்று இங்கே எல்லோரும் சொல்லும் செம்மார்புக் குயில் வலசைப் பறவை. வசந்தத்தில் வரும், குளிர்காலத்தில் இங்கே இருக்காது. ஜூன் மாதம் கடலோரக் காட்டில் "பீட்-மை-ஃப்ரோ" கேட்டால் சத்தம் வரும் புதரைச் சுற்றிப் பாருங்கள். கீழ்க்கிளையில் ஒரு ராபின் தொண்டையை உப்பிக்கொண்டு நிற்கும். அந்தக் குயில் முட்டையிட்டு ஏமாற்றுவதும் பெரும்பாலும் ராபின்-சாட்டுகளின் கூட்டில்தான் என்பது தனிக் கதை.

படி 5: நோட்டு

பறவை அட்லஸ் வேலைக்கு, அதாவது எந்தப் பறவை எங்கே இருக்கிறது என்று நாடு முழுக்கப் பதியும் வேலைக்கு, பேர்ட்லாஸர் அருமையான செயலி, தென்னாப்பிரிக்காவிலேயே உருவானது. புள்ளிக் கணக்குக்கு மட்டும் எனக்கு நோட்டும் பென்சிலும்தான். பத்து நிமிடமும் கண்ணும் காதும் காட்டில் இருக்க வேண்டும், திரையில் அல்ல. பேனா வேண்டாம், மூடுபனியில் மை பரவும்.

வீட்டுக்கு வந்த அன்றே கணினியில் ஏற்றுங்கள். ஒரு வரிசை என்றால் ஒரு புள்ளி, ஒரு சுற்று, ஒரு பறவையினம். வருடம், புள்ளிக் குறியீடு, சுற்று, தேதி, ஆரம்பித்த நேரம், எண்ணியவர், காற்று, மூடுபனி, இரைச்சல், இனம், எண். எண்ணியவர் பத்தியை மறக்காதீர்கள், கீழே அதற்குத் தனி இடம் இருக்கிறது. வருடங்களைப் பக்கவாட்டில் பத்திகளாக நீட்டிக்கொண்டே போவது பார்க்க அழகாக இருக்கும், பிறகு கழுத்தை அறுக்கும்.

படி 6: பூஜ்யமும் வெற்றிடமும்

இந்தப் படியில்தான் நான் வெகுநாள் நின்றேன். நின்று படியுங்கள்.

ஒரு புள்ளிக்குப் போனீர்கள், பத்து நிமிடம் கேட்டீர்கள், ராபின் இல்லை. அது பூஜ்யம். இன்னொரு புள்ளிக்கு, பாதையில் மரம் விழுந்து கிடந்ததால் போகவே இல்லை. அது வெற்றிடம். நோட்டில் இரண்டுமே ஒன்றுபோல்தான் இருக்கும், அதாவது ஒன்றும் எழுதாமல். கேட்டதை மட்டும் எழுதுவது மனித இயல்பு. பிறகு கணினியில் கூட்டும்போது அது இரண்டையும் பூஜ்யம் என்றே எடுத்துக்கொள்ளும்.

என்ன ஆகும் என்று சிறிய கணக்காகப் பார்ப்போம். மூன்று புள்ளிகள், மூன்று வருடங்கள். முதல் புள்ளியில் 4, 4, 3. இரண்டாவதில் 2, அடுத்த வருடம் போகவில்லை, பிறகு 2. மூன்றாவதில் 3, 3, 2. வெற்றிடத்தைப் பூஜ்யமாக்கிக் கூட்டினால் மொத்தம் 9, 7, 7. இரண்டாம் வருடமே பறவை சரிந்துவிட்டது, அதன்பின் நிலைத்துவிட்டது என்று வரைபடம் சொல்லும். இரண்டாம் வருடம் என்ன நடந்தது, தீயா, புயலா என்று காரணம் தேட ஆரம்பித்துவிடுவீர்கள். தேடினால் ஏதாவது ஒன்று கிடைத்தும்விடும், அதுதான் ஆபத்து.

இப்போது போன புள்ளிகளை மட்டும் பாருங்கள். முதலாவதும் மூன்றாவதும் சேர்ந்து முதல் வருடம் 7, இரண்டாம் வருடமும் 7. அப்படியென்றால் போகாத புள்ளியிலும் ஏறத்தாழ பழைய அளவே, இரண்டு சொச்சம், இருந்திருக்கும் என்று எடுத்துக்கொள்வதுதான் நியாயம். அப்போது மொத்தம் 9, 9 சொச்சம், 7. சரிவு மூன்றாம் வருடத்துக்கு நகர்ந்துவிட்டது. எண்கள் அதேதான், கதை வேறு.

ஆகவே செய்ய வேண்டியது: ஒவ்வொரு சுற்றுக்கும் முன்பே எல்லாப் புள்ளிகளின் பெயரையும் நோட்டில் எழுதிவிடுங்கள். முடிந்ததும் ஒவ்வொன்றுக்கு எதிரிலும் ஏதாவது இருந்தே ஆக வேண்டும். எண், அல்லது 0, அல்லது "போகவில்லை". சுழியைக் கையால் எழுதப் பழகினால் பாதிப் பிரச்சினை காட்டிலேயே முடிந்துவிடும். கணினியில் "போகவில்லை" என்பதை ஆங்கிலப் பெரிய எழுத்தில் என், ஏ என்று இரண்டெழுத்தாகப் போடுங்கள். ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருள் அதைத் தகவல் இல்லை என்று சரியாகப் புரிந்துகொள்ளும். பாதியில் மழை வந்து ஐந்து நிமிடத்தோடு நிறுத்திய புள்ளியும் "போகவில்லை"தான். ஐந்து நிமிடத்தில் கேட்டதை இரண்டால் பெருக்கிப் போடும் பழக்கம் சிலருக்கு உண்டு. தயவுசெய்து வேண்டாம்.

படி 7: போக்கைக் கணக்கிடுவது

எக்செல்லில் புள்ளிகளைப் போட்டு நேர்கோடு இழுப்பதை நான் ஏற்பதில்லை. அதற்கு வெற்றிடம் தெரியாது, போன வருடத்து எண்ணும் இந்த வருடத்து எண்ணும் ஒன்றையொன்று சார்ந்திருப்பதும் தெரியாது. நெதர்லாந்துப் புள்ளியியல் துறை உருவாக்கிய ட்ரிம் என்ற முறை இந்த வேலைக்காகவே பிறந்தது. ஐரோப்பியப் பறவைக் கணக்கெடுப்புகள் இதைத்தான் பயன்படுத்துகின்றன. ஆர் மென்பொருளில் ஆர்ட்ரிம் என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கும். மேலே நாம் கையால் செய்த இட்டு நிரப்பலை அது முறைப்படி செய்யும்: ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு அளவு, ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு அளவு, இரண்டையும் பெருக்கினால் எதிர்பார்க்கும் எண்.

அதற்குக் கொடுக்க வேண்டியது மூன்றே பத்திகள்: புள்ளி, வருடம், எண். இரண்டு சுற்று போயிருந்தால் எதில் எண் அதிகமோ அதைக் கொடுங்கள். ட்ரிம்மின் மாடல்களில் மூன்றாவதைத் தேர்ந்தெடுங்கள், அது ஒவ்வொரு வருடத்துக்கும் தனி மதிப்பு தரும். சிதறல் திருத்தம் (எண்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம் சிதறுவதற்கு), தொடர்வருடச் சார்புத் திருத்தம் (ஒரு வருடத்து எண் அடுத்த வருடத்து எண்ணைச் சார்ந்திருப்பதற்கு) இரண்டையும் இயக்கிவிடுங்கள். இயக்காவிட்டால் பிழை வரம்பு பொய்யாகக் குறுகி, இல்லாத சரிவு உறுதியானதுபோல் தெரியும்.

விடை ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று வரும், கூடவே ஒரு தீர்ப்பும் வரும்: மிதமான சரிவு, கடும் சரிவு, நிலையானது, நிச்சயமற்றது என்று. ஆண்டுக்கு 5 சதவீதத்துக்கு மேல் குறைவது உறுதியானால்தான் கடும் சரிவு. 5 சதவீதம் கேட்கச் சிறிதாக இருக்கும். அதே வேகத்தில் போனால் ஏறத்தாழ 14 வருடத்தில் பாதி காலி. ஐயுசிஎன் என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் சிவப்புப் பட்டியலில் பத்து வருடம் அல்லது மூன்று தலைமுறை, இதில் எது நீளமோ அந்தக் காலத்துக்குள் 30 சதவீதம் குறைந்தால் ஒரு இனத்தை அழியக்கூடியவற்றில் சேர்க்கலாம், 50 என்றால் அபாயத்தில் உள்ளவை. முதல் சில வருடங்களுக்கு உங்களுக்கு வரும் தீர்ப்பு "நிச்சயமற்றது" என்றே இருக்கும். மனம் தளர வேண்டாம், அது சரியான விடைதான்.

படி 8: பழைய அட்லஸோடு ஒப்பிடுவது

"என் கணக்கு இப்போதுதான் ஆரம்பிக்கிறது, பழைய நிலை எப்படித் தெரியும்?" என்று கேட்பவர்களுக்கு இந்த நாட்டில் ஒரு புதையல் உண்டு. முதல் பறவை அட்லஸுக்கான களப்பணி பெரும்பாலும் 1987 முதல் 1991 வரை நடந்தது. இரண்டாவது அட்லஸ், இங்கே எல்லோரும் சபாப்-2 என்பது, 2007 ஜூலையில் ஆரம்பித்து இன்னும் ஓடுகிறது. இரண்டிலும் அளவுகோல் பதிவு விகிதம்தான்: ஒரு கட்டத்தில் வந்த பட்டியல்களில் எத்தனை சதவீதத்தில் உங்கள் பறவை இருக்கிறது என்பது.

ஆனால் இரண்டு விகிதங்களையும் பக்கத்தில் வைத்துக் கழிக்காதீர்கள். முதல் அட்லஸின் கட்டம் 15 நிமிடத்துக்கு 15 நிமிடம் (கடிகார நிமிடம் அல்ல, அட்ச, தீர்க்கரேகை அளவு; 60 நிமிடம் ஒரு பாகை), அதாவது கால் பாகைக் கட்டம். இரண்டாவதின் பென்டாட் 5 நிமிடத்துக்கு 5 நிமிடம், சுமார் எட்டொன்பது கிலோமீட்டர் பக்கம். பழைய கட்டம் ஒன்றுக்குள் ஒன்பது பென்டாட் அடங்கும். பழைய பட்டியலை ஒரு மாதம் வரை நீட்டலாம். புதியதில் குறைந்தது இரண்டு மணி நேரம் முழுக் கவனத்தோடு பார்க்க வேண்டும், அதிகபட்சம் ஐந்து நாள். பெரிய இடத்தில் நீண்ட நாள் தேடினால் அரிதான பறவை பட்டியலில் ஏறும் வாய்ப்பு அதிகம். ஆகவே பறவை துளியும் குறையாமலே பதிவு விகிதம் இறங்கும். காட்டுத் துண்டில் ஒளிந்திருக்கும் நம் ராபின் போன்றவற்றுக்கு இந்த விளைவு இன்னும் மோசம். ஒன்பது பென்டாட்டில் இரண்டில் மட்டும்தான் காடு இருக்கும்.

இரண்டு அட்லஸையும் ஒப்பிட வேண்டுமானால், "இருந்ததா, இல்லையா" என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். பழைய கட்டத்தில் அன்று இருந்தது, அதற்குள் வரும் ஒன்பது பென்டாட்டிலும் நிறையப் பட்டியல் வந்தும் இன்று எதிலும் இல்லை என்றால், அது கவலைப்பட வேண்டிய செய்தி. சபாப்-2க்கு உள்ளேயே ஆரம்ப வருடங்களையும் இப்போதைய வருடங்களையும் ஒப்பிடலாம், முறை ஒன்றுதான்.

பட்டியல் எத்தனை என்பதைப் பார்க்காமல் சதவீதத்தை மட்டும் பார்க்கவும் கூடாது. 4 பட்டியலில் 1ல் இருந்தாலும் 25 சதவீதம், 40ல் 10ல் இருந்தாலும் 25 சதவீதம். வில்சன் என்ற புள்ளியியல் முறையில் 95 சதவீதப் பிழை வரம்பு போட்டால், முதலாவது 5லிருந்து 70 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். இரண்டாவது 14லிருந்து 40க்குள். டர்பனைச் சுற்றிய பென்டாட்களில் பட்டியல் கொட்டிக் கிடக்கும். மண்சாலை தாண்டிய பென்டாட்களில்தான் காடே இருக்கும், பட்டியல் இருக்காது. உங்களுக்கு ஒரு ஞாயிறு மிச்சமிருந்தால் அங்கே போங்கள்.

பின்சேர்க்கை: எண்ணுபவர் மாறினால்?

இதைப் படித்த மூன்று பேர் வெவ்வேறு விதமாகக் கேட்ட ஒரே கேள்வி. வட அமெரிக்காவில் 1966 முதல் நடக்கும் இனப்பெருக்கப் பறவைக் கணக்கெடுப்பில் ஒரு விஷயம் கண்டிருக்கிறார்கள்: புதிதாகச் சேர்ந்தவர் முதல் வருடம் எண்ணுவது அவரே பின்னால் எண்ணுவதைவிடக் குறைவாக இருக்கும். அதனால் புதியவரின் முதல் வருடத்தைத் தனியாகக் குறித்து வைத்து, முடிந்தால் கணக்கிலிருந்து விலக்கிவிடலாம். பழையவரும் புதியவரும் ஒரு பருவம் சேர்ந்தே போய், ஒருவர் நோட்டை ஒருவர் பார்க்காமல் எழுதினால் இன்னும் நல்லது.

மறுமுனையில் வயது. எங்களோடு டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வருவார், வாரக் கடைசித் தமிழ் வகுப்புகளும் எடுத்தவர். ராபினை என்னைவிட முந்திப் பிடித்துவிடுவார். ஆனால் சாம்பல் குக்கூஷ்ரைக் என்ற பறவையின் மெல்லிய கீச்சொலி வரும்போது அவர் பென்சில் அசையாது. "என்ன தம்பி எழுதுறே?" என்று என் நோட்டை எட்டிப் பார்ப்பார். "மேலே குக்கூஷ்ரைக் ஐயா" என்றால், "அது இந்தக் காட்டை விட்டுப் போயிருச்சுன்னுல்ல நெனச்சேன்" என்பார். வயதாக ஆக உச்சஸ்தாயி ஒலிதான் முதலில் காதை விட்டுப் போகும். ஒரே ஆள் இருபது வருடம் எண்ணினால், உச்சக் குரல் பறவைகள் மட்டும் மெதுவாகக் குறைந்துகொண்டே வருவதுபோல் ஒரு போக்கு தானாக உருவாகும். கோரிஸ்டரின் அழைப்பு தாழ்ந்த சுரம் என்பதால் நமக்குத் தப்பித்தது. உங்கள் பறவை மெல்லிய குரல் என்றால் எண்ணுபவர்கள் எல்லோரும் அவ்வப்போது செவிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், முடிவையும் தேதியோடு எழுதி வையுங்கள்.

பின்சேர்க்கை 2: ஒலிப்பதிவுக் கருவி

ஆடியோமாத் என்ற சின்ன ஒலிப்பதிவுக் கருவியை மரத்தில் கட்டி, பதிவைக் குரல் வைத்துப் பறவையை அடையாளம் காணும் பேர்ட்நெட் மென்பொருளில் போட்டு எண்ணினால் என்ன என்று கேட்கிறீர்கள். பேர்ட்நெட்டுக்கு ஆறாயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள் தெரியும். ஆனால் படி 4ல் சொன்ன திருட்டுக் குரல் அதையும் குழப்பும். ராபின் பாடுவதைக் கேட்டு மூன்று வேறு பறவைகளைப் பட்டியலிடக்கூடும். நான் கருவியை எண்ணுவதற்கு வைப்பதில்லை, சாட்சிக்கு வைக்கிறேன். பதிவை அழிக்காமல் வைத்திருந்தால், இன்னும் பதினைந்து வருடம் கழித்து யாராவது இதைவிட நல்ல மென்பொருளில் போட்டு மறுபடி கேட்கலாம். கருவி மாடலும் ஒலி அளவு அமைப்பும் மாறினால் அதையும் எழுதுங்கள், நல்ல மைக் வந்த வருடம் பறவை கூடியதுபோல் தெரியும்.

பின்சேர்க்கை 3: சிஎஸ்வி கோப்பு திறக்கவில்லை

பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து ஒரு அக்கா, பத்திகளைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கும் சிஎஸ்வி கோப்பைக் கொடுத்தால் ஆர்ட்ரிம் எல்லா எண்ணையும் ஒரே பத்தியாகப் படிக்கிறது என்று எழுதியிருந்தார். கோப்பில் தவறு இல்லை. விண்டோஸில் தென்னாப்பிரிக்கா என்று இடம் தேர்ந்தெடுத்திருந்தால் தசமத்துக்குப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி வரும். எக்செல் சிஎஸ்வியைச் சேமிக்கும்போது பத்திகளுக்கு நடுவில் அரைப்புள்ளி போடும். ஆரில் ரீட்-சிஎஸ்வி என்பதற்குப் பதில் அதே கட்டளையின் கடைசியில் 2 சேர்த்தால் படித்துவிடும். லிப்ரேஆஃபிஸில் சேமித்தால் எந்தக் குறி வேண்டும் என்று அதுவே கேட்கும், அதனால் நான் அதற்கு மாறிவிட்டேன். தேதியை வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் மூன்று தனிப் பத்திகளாக வைத்தால் எந்த மென்பொருளும் அதில் கை வைக்காது.